வீட்டில் செய்யும் வாழ்த்து அட்டைகள்: மடிப்பில் வெடிப்பு, பசையில் சுருக்கம்

கேள்வி: சிப்புட் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் எழுந்த தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வசிக்கிறேன். தோட்டத்தின் பெரும்பகுதி செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் யாரும் பால் வெட்டாத மரங்கள் நாற்பது ஐம்பது இன்னும் நிற்கின்றன. சென்ற ஆண்டு தீபாவளிக்குக் கடை அட்டைகளை வாங்காமல் நானே செய்து கொடுப்பதென்று முடிவெடுத்து, இரவுச் சமையல் முடிந்த பிறகு உணவு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, மூன்று வாரங்களில் 30 அட்டைகளைச் செய்து முடித்தேன். கொடுத்தபோது எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் பொங்கலுக்கு ஈப்போவிலுள்ள என் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, கண்ணாடி அலமாரியில் நின்றுகொண்டிருந்த என் அட்டையைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதில் கண்ட குறைகளைச் சொல்கிறேன். நான் வாங்கியது கருஞ்சிவப்பு நிறத்தில், ஏ4 அளவில் வரும் கெட்டி அட்டைத்தாள். அதை நடுவில் மடித்தபோது மடிப்பு நெடுகிலும் நிறம் வெடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெள்ளை தெரிந்தது. முன்பக்கத்தில் வெள்ளைப் பசையால் ஒட்டிய பூவேலைத் தாள் காய்ந்ததும் சுருங்கி, அட்டை முழுவதும் அப்பளம்போல் வளைந்துகொண்டது. தேசிய மலராயிற்றே என்று ஆசையாகச் செம்பருத்தியைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி ஒட்டியிருந்தேன். அது கறுத்து, சுற்றிலும் ஊதாக் கறை படிந்து, எவரோ அட்டையின் மேல் நாவற்பழத்தை வைத்து நசுக்கியதுபோல் இருந்தது. இவை போதாவென்று, அந்த அளவுக்குப் பொருத்தமான உறை கிடைக்காததால் எல்லாவற்றையும் கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஆண்டு மீண்டும் செய்ய விரும்புகிறேன். தீபாவளிக்கு இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. குறை என் கையில் இருக்கிறதா, வாங்கிய பொருளில் இருக்கிறதா என்பதே எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதாதா என்று என் கொழுந்தனார் கேட்கிறார். ஒன்று ஐந்து ரிங்கிட்டுக்கு விற்கலாமே என்று என் தங்கை சொல்கிறாள். இவற்றைப் பற்றியும் யாருக்கேனும் கருத்திருந்தால் சொல்லுங்கள்.


மறுமொழி: மடிப்புக்காரர், ஈப்போ

வணக்கம் சகோதரி. நான் அச்சகம் ஒன்றில் வெட்டும் பகுதியிலும் மடிக்கும் பகுதியிலும் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கையில் குறை இல்லை. தாளை மடித்த திசைதான் தவறு. அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் குறைகளில் பாதி தீர்ந்துவிடும் என்பதால், அதையே சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாள் செய்யும் ஆலையில் மரக்கூழ் நீரோடு கலந்து, ஓடிக்கொண்டிருக்கும் வலையின்மேல் கொட்டப்படுகிறது. வலை ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்வதால், ஒவ்வொரு தாளுக்கும் மரத்துக்கு இருப்பதைப் போன்ற ஓர் இழையோட்டம் அமைந்துவிடுகிறது. விறகை நெடுக்காகப் பிளந்தால் எளிதில் பிளக்கிறது, குறுக்கே வெட்டினால் சிம்புசிம்பாகத் தெறிக்கிறது அல்லவா? தாளும் அப்படித்தான். இழையோட்டத்தோடு மடித்தால் மடிப்பு மழமழவென்று விழும்; இழைகளுக்குக் குறுக்கே மடித்தால் அவை முறிந்து மேற்பரப்பு வெடிக்கும். உங்கள் அட்டைத்தாளுக்கு மேற்பரப்பில் மட்டும் நிறம் ஏற்றப்பட்டு உள்ளே வெள்ளையாக இருந்திருக்கிறது. அதனால்தான் வெடிப்பு அப்படிப் பளிச்சென்று தெரிந்தது. கூழிலேயே நிறம் கலந்த தாள் என்றால் இவ்வளவு அசிங்கமாகத் தெரியாது. வாங்கும்போது மூலையில் சிறிது கிழித்துப் பார்க்கக் கடைக்காரர் விட்டால், உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். விடமாட்டார், ஆகவே முதலில் ஒரே ஒரு தாளை மட்டும் வாங்கி வீட்டில் கிழித்துப் பாருங்கள்.

இனி அளவுக்கு வருவோம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சில்லறையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் இழையோட்டம் 297 பக்கம் நெடுக ஓடும். நீங்கள் அந்த நீளத்தைப் பாதியாக மடித்திருக்கிறீர்கள். அதாவது எல்லா இழைகளையும் குறுக்கே முறித்திருக்கிறீர்கள். மடிப்பதற்குப் பதிலாக அதே இடத்தில் தாளை வெட்டிவிடுங்கள். 210க்கு 148 என்ற அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 210 பக்கத்தின் நடுவில், 105இல் மடியுங்கள். இப்போது மடிப்புக் கோடு இழையோட்டத்தோடு ஓடுவதைக் காண்பீர்கள். கிடைப்பது 105க்கு 148 அளவுள்ள ஏ6 அட்டை. அதற்கென்றே 114க்கு 162 அளவில் சி6 உறைகள் கடைகளில் கட்டாக விற்கப்படுகின்றன. உறைப் பிரச்சினையும் தீர்ந்தது, ஒரு தாளில் இரண்டு அட்டைகளும் கிடைத்தன. நீளமான அட்டைதான் வேண்டுமென்றால், தாளை 210க்கு 210 சதுரமாகக் குறைத்து, இழையோட்டத்தோடு 105இல் மடித்தால், அலுவலகக் கடிதங்களுக்குப் பயன்படும் 110க்கு 220 அளவுள்ள நீள உறைக்குள் சரியாக உட்காரும்.

எல்லாத் தாளும் இப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை எடுத்து, இரு எதிர்ப்பக்கங்களையும் மடிப்பு விழாதபடி மெல்ல வளைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு மற்ற இரு பக்கங்களையும் அவ்வாறே செய்யுங்கள். எந்தப் பக்கம் வளைக்கும்போது எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் முதுகு நெடுகத்தான் இழைகள் ஓடுகின்றன. இரண்டு மூன்று முறை செய்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

மடிக்கும் முன் கோடு கீற வேண்டும். மை தீர்ந்த பேனா ஒன்றையும் இரும்பு அடிக்கோலையும் எடுத்து, ஓர் அழுத்தமான பள்ளக் கோட்டை இழுங்கள். இதில் பலரும் தவறு செய்வது இங்கேதான்: பள்ளம் உட்புறமாக வரும்படி மடிப்பார்கள். அது தலைகீழ். பள்ளம் அட்டையின் வெளிப்புறத்திலும், அதன் மறுபக்கத்தில் எழும்பும் மெல்லிய மேடு உட்புறத்திலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளித்தோல் இழுபடாமல் மடிப்பு படியும். பிறகு ஐஸ்கிரீம் குச்சியின் பக்கவாட்டால் ஒருமுறை நீவிவிடுங்கள். நகத்தால் நீவாதீர்கள், பளபளப்புத் தடம் விழும்.

கனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று குறிப்பது, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதைத்தான். நகலெடுக்கும் தாள் 70 அல்லது 80. வாழ்த்து அட்டைக்கு 220 முதல் 250 வரை போதும். 300க்கு மேல் போனால் வீட்டில் கையால் ஒழுங்காக மடிக்க முடியாது. ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 240 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 15 கிராம், அதில் பாதியான உங்கள் அட்டை ஏழரை கிராம். உறையோடு சேர்த்தாலும் கடிதத்தின் எடைதான். அஞ்சலில் அனுப்பத் தயங்க வேண்டியதில்லை. பொத்தான், சிப்பி போன்ற மேடான பொருள்களை மட்டும் ஒட்டாதீர்கள்.

பசை விஷயத்துக்கு என் தீர்வு எளிது: வெள்ளைப் பசையை விட்டுவிட்டு இருபக்க ஒட்டுநாடாவுக்கு மாறிவிடுங்கள். பசையிலுள்ள நீரை உறிஞ்சி இழைகள் பருக்கின்றன. இழை நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கேதான் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் பருத்து, பிறகு காய்ந்து இழுக்கும்போது அட்டை வளைகிறது. நாடாவில் நீரே இல்லை.


மறுமொழி: சிப்புட் மருமகள்

ஐயா, இதைப் படித்ததும் அலமாரியில் மீந்திருந்த சிவப்புத் தாளை எடுத்து வளைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வேறுபாடு உண்மையிலேயே கைக்குத் தெரிகிறது. என் மகள் தன் பள்ளி வரைதாளையும் என் மாமியாரின் மருத்துவ அட்டையையும்கூட வளைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்த அட்டையை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டேன். மிக்க நன்றி.


மறுமொழி: தைப்பிங் டீச்சர்

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தாளைப் பற்றி ஐயா சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் ஒட்டுநாடாவைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று பெயரெடுத்த ஊரில் இருந்துகொண்டு, நாற்பது ஆண்டு வாழ்த்து அட்டைகளைப் பெட்டியில் வைத்துக் காத்து வருகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். மலிவான இருபக்க நாடாக்களில் பலவற்றில் ரப்பர் சார்ந்த பசைதான் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் மஞ்சளாகி, ஓரங்களில் கசிந்து, பிறகு ஒட்டும் தன்மையை இழந்து படத்தைக் கைவிட்டுவிடுகிறது.

ரப்பர் பசையின் குணம் எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். பசை வாங்கக் காசு கேட்டால் அடிதான் கிடைக்கும் என்பதால், ரப்பர்ப் பால் சேரும் கிண்ணமான மங்கில் மிஞ்சிக் கிடக்கும் பாலை விரலால் தொட்டு, நாள்காட்டிப் படங்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டுவோம். அன்றைக்கு அது எவ்வளவு அருமையாகப் பிடித்தது! ஐந்தாறு ஆண்டுகளில் அந்த இடமெல்லாம் பழுப்பேறிப் பிசுபிசுத்து, பிறகு பொருக்குத் தட்டி உதிர்ந்தது. படம் விழுந்துவிட்டது, பால் தடவிய விரலின் தடம் மட்டும் பழுப்பாக இன்றும் என் பெட்டியிலுள்ள ஓர் அட்டையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைச் சிதைப்பதுதான் காரணம் என்று பின்னாளில் படித்தேன்.

ஆகவே வெள்ளைப் பசையையே வைத்துக்கொள்ளுங்கள், தடவும் முறையை மட்டும் மாற்றுங்கள். பழைய தொலைபேசிக் கட்டண அட்டை போன்ற ஒன்றின் விளிம்பால் பசையை வழித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாக்குங்கள். ஒட்டும் தாளின் இழையோட்டமும் அட்டையின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் வளைவது உறுதி. ஒட்டியவுடன் எண்ணெய்த்தாளை மேலும் கீழும் வைத்து, அரிசிப் பொட்டலத்தைப் பாரமாக ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மைதா காய்ச்சிய பசை மட்டும் வேண்டாம். அட்டைகளைவிடக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும்தான் அதை விரும்பிப் பெற்றுக்கொள்ளும்.

உங்கள் செம்பருத்தியின் மீது எனக்கு இரக்கமே வருகிறது. அது கொழகொழப்பும் நீரும் நிறைந்த இதழ். நாட்டுக்கே மலராகலாம், அட்டைக்கு ஆகாது. வேலியோரத்துக் காகிதப்பூவைப் பறித்து அழுத்திப் பாருங்கள். அதில் நாம் பூவென்று சொல்லும் வண்ணப் பகுதி உண்மையில் இலையின் மாற்றுருவம். நீர்ச்சத்துக் குறைவு என்பதால் சில நாள்களில் காய்ந்து, நிறமும் பெருமளவு நின்றுவிடும். செம்பனை மரத்தின் அடிமரத்தில் தாமாகவே தொற்றி வளரும் பெரணியும் மிக நல்லது. அழுத்துவதற்குப் பளபளப்பான வார இதழ் உதவாது, ஈரம் உறிஞ்சும் செய்தித்தாள் வேண்டும். முதல் மூன்று நாள்களுக்கு நாள்தோறும் தாளை மாற்றுங்கள். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தாம் நம் மேற்குக் கரையில் மழை மிகுந்த மாதங்கள் என்பதால், பூக்களை இப்போதே காயவைத்து, பிஸ்கட் டின்னில், காலணிப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடிவிடுங்கள். செய்து முடித்த அட்டைகளுக்கும் அதே டின்தான் இடம்.

இனி, நான் எழுத வந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களை வைத்துக்கொண்டு கடைப் பூவேலைத் தாளை ஏன் ஒட்டுகிறீர்கள்? ரப்பர் இலையின் பச்சையை நீக்கிவிட்டால், எஞ்சும் நரம்பு வலை பட்டுத் துணியைவிட மெல்லியதாக இருக்கும். முற்றிய, பூச்சி அரிக்காத இலைகளைப் பறியுங்கள். ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரைக் கோப்பை சலவைச் சோடாவைக் கரைத்து, இலைகளை மூழ்கவிட்டு, சிறு தீயில் கொதிக்க விடுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். இலையின் வயதைப் பொறுத்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இலையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அடுப்பை அணைக்கலாம். கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், எவர்சில்வர் சட்டியையே பயன்படுத்துங்கள். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். அந்தச் சட்டியைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

வெந்த இலையை வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது தண்ணீர் விட்டுப் பரப்பி, மென்மையான பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கிழியும். முதலில் பத்து இலைக்கு நான்குதான் தேறும். மனம் தளர வேண்டாம். சலவைச் சோடா கிடைக்காவிட்டால், சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, அடுப்புச் சூளையில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் அது சலவைச் சோடாவாக மாறிவிடும். சிலர் இலையை வாரக்கணக்கில் வாளித் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிடுவார்கள். அதுவும் பலிக்கும், ஆனால் வாளியை மூடாமல் வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், இலைக்கு முன்னால் சுகாதார அதிகாரியின் அபராதச் சீட்டு வந்து சேரும்.

நரம்பு வலையை மஞ்சள் நீரில் நனைத்தால் பொன்னிறம் ஏறும். ஆனால் சோடா முழுவதும் போகும்வரை நான்கைந்து முறை அலசியிருக்க வேண்டும்; மிச்சமிருந்தால் மஞ்சள் பட்டதும் இலை சிவந்துவிடும். ஆலத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் என்ன நடக்கிறதோ, அதேதான் இதுவும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு சிறு விண்ணப்பம். அட்டையில் ‘நல்வாழ்த்துகள்’ என்று எழுதுங்கள். ‘வாழ்த்துக்கள்’ என்பதும் சரியே என்று வாதிடும் இலக்கணம் கற்றவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் கள்ளுக்கடை இருந்த தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, அந்த ஒற்றெழுத்தைக் கண்டாலே சனிக்கிழமை மாலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

உங்கள் கொழுந்தனாருக்கும் ஒரு செய்தி. அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் இலண்டனில் பிறந்ததே, ஹென்றி கோல் என்பவருக்கு எல்லாருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல் போனதால்தான். ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படத்தை வரைந்து வாங்கி, அதையே அச்சடித்து அனைவருக்கும் அனுப்பினார். கடை அட்டையும் வாட்ஸ்அப் படமும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. நீங்கள் செய்வது அதற்கு முந்தைய காரியம்.


மறுமொழி: நூலும் ஊசியும், கோல சிலாங்கூர்

வணக்கம். நான் தையல் தொழில் செய்பவள். ஒட்டுவதே வேண்டாம் என்பவர்களின் கட்சி. அட்டையின் மேல் புள்ளிக் கோலத்தைத் துளையிட்டு, நூலால் தைக்கிறேன். பசை இல்லை, சுருக்கமும் இல்லை.

கட்டம் போட்ட பள்ளிக்கூடத் தாளில் கோலத்தை வரைந்து, அதை அட்டையின்மேல் பிடிப்பு ஊசியால் பொருத்தி, அடியில் பழைய ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) ஒன்றை வைத்துப் புள்ளிகளை ஊசியால் குத்துங்கள். ஊசி செங்குத்தாக இறங்குவதற்கு அந்தச் சிலிப்பரைப் போன்ற பலகை வேறில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் இருக்கட்டும். நான் முதன்முதலில் இரண்டு மில்லிமீட்டரில் குத்தினேன். நூலை இழுத்ததும், அஞ்சல்தலையைக் கிழிப்பதுபோல் கோலம் மட்டும் வட்டமாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. வளைந்து வளைந்து ஓடும் சிக்குக் கோலம் நூலுக்குச் சரிப்படாது, நேர்கோடுகளால் ஆன நட்சத்திரக் கோலம்தான் பொருந்தும். சேலை முந்தானையில் கழிந்த ஜரிகையைப் பிரித்தெடுத்துத் தைத்தால் விளக்கொளியில் மின்னும். முடிச்சுப் போடாதீர்கள், மறுபக்கம் புடைத்துத் தெரியும். நூல் நுனியை ஒட்டுநாடாத் துண்டால் படியவைத்து, உள்ளே வெள்ளைத்தாள் ஒன்றை ஓரத்தில் மட்டும் ஒட்டி மறைத்துவிடுங்கள். (டீச்சர் மன்னிக்க வேண்டும், இங்கே எனக்கு நாடாவைத் தவிர வழியில்லை.)

விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. கோல அட்டை ஒன்றுக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. முப்பது அட்டை என்றால் இருபது மணி நேரம். ஐந்து ரிங்கிட் வீதம் 150 ரிங்கிட் வரும். தாள், நூல், உறைச் செலவைக் கழித்தால், அதே நேரத்தில் நான் இரண்டு மூன்று ரவிக்கை தைத்துக் கூடுதலாகச் சம்பாதித்துவிடுவேன். ஒருமுறை ஒருவர் ஐம்பது அட்டைகள் கேட்டார், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். பன்னிரண்டாவது அட்டையில் எனக்கு ஊசியைக் கண்டாலே எரிச்சல் வந்தது. உங்கள் தங்கையிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.


மறுமொழி: மடிப்புக்காரர், ஈப்போ

டீச்சர் அம்மா சொன்ன பிறகு, நான் பத்து ஆண்டுகளுக்கு முன் நாடாவால் ஒட்டிய பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அச்சகத்தில் நாங்கள் அனுப்பிவைத்த வேலை பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்ததில்லை. அக்ரிலிக் பசை கொண்ட நாடா இவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது, ஆனால் விலை கூடுதல். விரைவாகக் கொடுத்துவிடும் அட்டைக்கு நாடா, பெட்டியில் வைத்துக் காக்கப்போகும் அட்டைக்குப் பசை என்று என் ஆலோசனையைத் திருத்திக்கொள்கிறேன்.

கோலம் தைக்கும் சகோதரிக்கு ஒன்று: துளை வரிசை இழையோட்டத்தோடு நேராக ஓடினால்தான் அவ்வளவு எளிதாகக் கிழியும். கோலத்தைச் சற்றுச் சாய்த்து வைத்துக் குத்திப் பாருங்கள்.


மறுமொழி: சிப்புட் மருமகள்

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இதுவரை 22 அட்டைகள் முடிந்துவிட்டன. தாளை வெட்டி, 105இல் கோடு கீறி, மேடு உட்புறமாக வரும்படி மடித்தேன். 21 அட்டைகளில் ஒரு கீறல்கூட இல்லை. ஒன்று மட்டும் வெடித்தது. வளைத்துப் பார்த்தால், வேறு கடையில் அவசரமாக வாங்கிய அந்தத் தாளில் இழை குறுக்கே ஓடியிருக்கிறது. அதையும் வெட்டிப் பரிசுப் பொருள்களில் கட்டும் பெயர்ச்சீட்டுகளாக்கிவிட்டேன்.

ரப்பர் இலை வேலை முதல் நாள் அழுகையில் முடிந்தது. பன்னிரண்டு இலைகளில் இரண்டுதான் தேறின. அதுவரை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் எழுந்து வந்து, நான் பறித்தது இளம் இலை என்று ஒரே பார்வையில் சொன்னார். முப்பது ஆண்டு பால் வெட்டியவர். மறுநாள் காலை அவரே பின்பக்கம் போய், கையால் தடவித் தடவிப் பார்த்து, தோல்போலத் தடித்திருந்த இலைகளாகப் பொறுக்கி வந்தார். அவற்றில் பத்துக்கு எட்டு தேறின. இப்போது பல்துலக்கியை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. இந்த மரங்களிடமிருந்து கறைபடாத ஒரு பொருளைக் கையில் எடுப்பது இதுவே முதல்முறை என்றார். பால் கறை போகாத அவருடைய பழைய சட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சளில் நனைத்த முதல் தொகுதி, டீச்சர் எச்சரித்தபடியே, கண்ணெதிரே சிவந்துவிட்டது. நான்கு முறை அலசியதாகத்தான் நினைத்தேன். என் மகள் எண்ணியதில் இரண்டு முறைதானாம். ஆனால் அந்தக் குங்கும நிறம் வெள்ளை அட்டையின்மேல் மிக அழகாக இருந்ததால், அந்த ஒன்பது இலைகளையும் அப்படியே ஒட்டிவிட்டேன். கோலம் ஒன்றுதான் தைத்தேன். சாய்த்துக் குத்தியதால் கிழியவில்லை, ஆனால் என் பொறுமை அவ்வளவுதான். விற்கப் போவதில்லை. கொழுந்தனார் தமக்கு நான்கு அட்டைகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அலுவலக நண்பர்களுக்காம். ஒரு மாலை இலை தேய்த்தால் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சோடா வைத்த சட்டியை யாரும் தவறிப்போய்ச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாதென்று, மாமியார் அதன் பிடியில் சிவப்பு நூலைச் சுற்றி, அடுப்படியில் வைக்காமல் பின்வாசல் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்.